ஒரே கம்பு

கோடை முகாமின் கடைசி நாள் திறமைப் போட்டி. எனக்கும் என் உயிர் நண்பனுக்கும் ஒரே ஐட்டம் – சிலம்பம்! 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பமும் இருந்ததே, அதிலிருந்து இருவருக்கும் அதே பைத்தியம். அன்று காலை இட்லியைக்கூடத் தள்ளித் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

மேடை ஏறும் நேரத்தில் பார்த்தால் என் மூங்கில் கம்பில் விரிசல்! கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும், யாரிடம் கேட்பது? அவனும் நானும்தான் ஒரே உயரம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே, "இந்தா, இதுல சுத்து" என்று நீட்டினான். சுற்றினேன். அடுத்து அதே கம்பில் அவன். (கால்வரிசையில் அவனை அடிச்சிக்க ஆளில்லை.)

அவனுக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. அழுகை முட்டியது. "என் கம்புடா, அதான் என் பேச்சைக் கேட்டுச்சு" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை!