தாடையிலே ஒரு ஜன்னல்

என் அக்காள் பெண்ணுக்கு அப்போது 17 வயது. இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது, வலி கிடையாது. கடைவாய்ப் பல் முளைக்கிறதாக்கும் என்று அக்காள் ஆறு மாதம் கிராம்புத் தைலத்திலேயே காலம் கடத்திவிட்டாள். பத்திரிகையில் வேலை பார்க்கும் நானும் அதை நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு!

எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையின் கோடியில் ஒரு கறுப்பு வட்டம். 'அமெலோபிளாஸ்டோமா'வாக இருக்கலாம் என்றார்கள். பல்லை உருவாக்கும் திசுவில் கிளம்பும் கட்டி. பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வரும். புற்றுநோய் அல்ல. அதற்காகச் சாது என்றும் சொல்லிவிட முடியாது. எலும்பை மெல்ல அரித்துக்கொண்டே போகும்.

"அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு வைக்கலாம்" என்றார் முதல் டாக்டர். அக்காள் அன்றிரவு சாப்பிடவில்லை.

"பெண் குழந்தை முகமாச்சேடீ!"

இரண்டாவது டாக்டர் முதலில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒற்றை அறை கொண்ட வகை என்று தெரிந்தது. 1977-ல்தான் இதைத் தனி வகையாகப் பிரித்துச் சொன்னார்களாம். மற்ற வகையை வெறுமனே சுரண்டி எடுத்தால் அடிக்கடி திரும்பி வரும். அதற்கு வெட்டுவதே மேல். இதற்குத் தாடையைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார்.

கட்டியில் சிறு ஜன்னல் திறந்து, நீரை வடித்து, ஒரு குழாயைப் பொருத்தினார். தாடை நீர்க்கட்டிகளுக்கு 1892-லேயே பார்ட்ச் என்ற ஜெர்மானிய டாக்டர் சொன்ன வழி. சாப்பாட்டுக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சினால் உப்பு நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் என் கைதான் நடுங்கியது. அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பது மாதம்! வட்டம் சுருங்கி, ஓரங்களில் புது எலும்பு வெள்ளையாகத் தலைகாட்டியது. பிறகு மிச்சத்தை எடுத்து, சுற்றிலுமுள்ள எலும்பையும் சுரண்டிவிட்டார்கள். எடுத்ததை முழுவதுமாகப் பரிசோதித்த பிறகே டாக்டர் சிரித்தார்.

முகம் தப்பியது. ஆனால் பத்து வருஷம் கழித்துக்கூட அது திரும்பி வரலாம். ஆகவே வருஷந்தோறும் எக்ஸ்ரே.

இப்போது அவளுக்கு 24. வரன் ஒன்று ஏறக்குறைய நிச்சயமாகியிருக்கிறது. "இந்த வருஷம் எக்ஸ்ரே வேண்டாம். யார் காதிலாவது விழுந்து தொலைக்கப் போகிறது" என்கிறாள் அக்காள். முகத்துக்காக அழுத அதே அக்காள்!

நேற்று அவள் போன் செய்தாள்.

"சித்தி, சனிக்கிழமை எக்ஸ்ரேக்குப் போகிறேன். அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றார்."

இதை அக்காளிடம் யார் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.