பாரிஸ் மாநகரில் ஒரு பழைய வாசல்

லூர்து அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய ஆவல். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் திங்களில் இறைவன் அதை நிறைவேற்றித் தந்தார். அந்தியூரிலிருந்து புறப்பட்ட நாங்கள் இருவரும் கோவையில் ஒரு திருயாத்திரைக் குழுவினருடன் சேர்ந்துகொண்டோம். லூர்து நகரைப் பற்றி எழுதியோர் பலர். ஆதலின் யாத்திரையின் முடிவில், பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில் நாங்கள் கழித்த மூன்று நாள்களைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறோம்.

புறப்படுமுன் ஆசீர் பெறச் சென்றபோது பங்குத் தந்தை சொன்னார்: "எல்லாரும் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். ஆனால் நம் கொங்கு நாட்டுக்கு வேதபோதகர்கள் புறப்பட்டு வந்த வாசல் ஒன்று அங்கே இருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்." சொன்னதோடு நில்லாமல் ஒரு துண்டுத்தாளில் முகவரியையும் எழுதித் தந்தார். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். வேறொரு காரியமும் அப்போது எங்கள் மனத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதல் நாள் ஐஃபெல் கோபுரம். 1889 இல் உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட இந்த இரும்புக் கோபுரம், உச்சியிலுள்ள ஆண்டெனாவையும் சேர்த்து 330 மீட்டர் உயரம் உடையது. இருபது ஆண்டுகளில் பிரித்துவிடுவதென்றே முதலில் ஏற்பாடாம். கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. கீழே நின்ற கூட்டத்தைக் கண்டதும், எங்கள் ஊரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது குதிரைச் சந்தைக்குத் திரளும் மக்கள் வெள்ளமே நினைவுக்கு வந்தது. ஜேப்படித் திருடர்களைப் பற்றி வழிகாட்டி எச்சரித்திருந்தமையால், பாதி நேரம் கோபுரத்தையும் பாதி நேரம் எங்கள் கைப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தோம்!

அன்று மாலை லா ஷப்பேல் என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். தெருவின் இருமருங்கிலும் தமிழ்ப் பெயர்ப் பலகைகள்; முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள். 1983 க்குப் பின் மூண்ட போரினால் இலங்கையை விட்டு வந்த தமிழர்கள் நிலைகொண்ட இடம் அது. உணவு விடுதியில் எங்களுக்கு இட்லி பரிமாறிய பெரியவர், தாம் புறப்பட்ட நாளில் தம் தாயார் படலையடியில் நின்ற நிலையைச் சொன்னார். பிறகு அவர் தம் தாயாரைக் காணவேயில்லையாம். அந்த இட்லி எங்கள் தொண்டையில் எளிதில் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் தேவமாதா பேராலயமாகிய நோத்ரு தாம். 1163 இல் தொடங்கிக் கட்டப்பட்ட இவ்வாலயத்தில், 2019 ஏப்ரல் 15 அன்று, புனித வாரத் திங்கட்கிழமை மாலையில் தீ மூண்டதையும், கூர்ங்கோபுரம் எரிந்து சரிந்ததையும் தொலைக்காட்சியில் கண்டு கலங்கியோர் நம்மில் பலர். கூரைக்கும் கோபுரத்துக்குமாகச் சுமார் 2,000 ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து, பழைய முறைப்படியே செதுக்கி இணைத்தனர். 2024 டிசம்பர் 8 அன்று புதிய பீடம் அபிஷேகம் பெற்று ஆலயத்தில் மீண்டும் திருப்பலி நிறைவேறியது. கரி படிந்திருந்த சுவர்கள் இன்று பால்போல் வெண்மையாயிருக்கின்றன. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கன்னி மரியின் சுரூபம் அத்தீயில் சிதையாமல் தப்பியது. அதன் முன் செபமாலை சொன்னோம். ஆலயத்தினுள் செல்லக் கட்டணமில்லை. திருப்பலி நேரத்தில் சென்றால், பார்வையாளராக அன்றி வீட்டுப் பிள்ளைகளாக அமர்ந்திருக்கலாம்.

அருகிலேயே, ஆண்டவரின் முள்முடியை வைப்பதற்கென்று அரசர் புனித லூயி கட்டுவித்த சேன் ஷப்பேல் ஆலயமும் உள்ளது. 1248 இல் அபிஷேகம் செய்யப்பட்ட அதன் சுவர்களே வண்ணக் கண்ணாடியாகத் தோன்றுகின்றன. அந்த முள்முடி இப்போது நோத்ரு தாமில் இருக்கிறது.

மூன்றாம் நாள் பிற்பகலை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். மற்றவர்கள் கடைவீதிக்குச் செல்ல, நாங்கள் துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு சுரங்க ரயில் ஏறினோம். ரூ து பாக் என்பது தெருவின் பெயர். ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். பாக் என்றால் ஓடம். முன்னாளில் சேன் நதியைக் கடக்கும் ஓடத்துறைக்குச் சென்ற தெருவாம். நம் வட்டாரத்தில் நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்குக் காவிரியைக் கடந்தவர்களுக்கு இப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும்.

அத்தெருவின் 140 ஆம் எண்ணில், 1830 இல் கன்னித் துறவி கத்தரீன் லபூரேக்குத் தேவமாதா காட்சியளித்த சிற்றாலயம் இருக்கிறது. நாம் கழுத்தில் அணியும் அற்புதப் பதக்கம் பிறந்த இடம் அதுவே. உட்கார இடமின்றி மக்கள் நிறைந்திருந்தனர். சில அடி தொலைவில் உள்ள 128 ஆம் எண் வாசலிலோ ஒருவரும் இல்லை. பங்குத் தந்தை குறிப்பிட்ட வாசல் அதுதான்: பாரிஸ் வேதபோதக சபையின் தாய்மடம்.

1658 இல் தோன்றிய இச்சபை, ஆசியாவுக்கு 4,000 க்கும் மேற்பட்ட குருக்களை அனுப்பியது. சேசு சபை கலைக்கப்பட்டபின், 1776 இல் தமிழகப் பணித்தளம் இவர்கள் கைக்கு வந்தது. 1841 இல் இந்த வாசலினுள் நுழைந்தார் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்னும் இளங்குரு. தந்தையார் சம்மதிக்கவில்லை. ஆயினும் 1842 இல் கப்பலேறினார். 1846 அக்டோபர் 4 அன்று நம் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றுக் கோவைப் பணித்தளத்தை நடத்தினார். இம்மண்ணின் மைந்தரே குருக்களாக வேண்டும் என்று உழைத்த அவர், கருத்து வேற்றுமைகளால் 1855 இல் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையை நிறுவி, 1859 இல் அங்கு சென்ற சில வாரங்களிலேயே நோயால் இறந்தார். 2020 இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தது. அவர் கண்ட கனவோ 1940 இல் உபகாரசாமி ஆண்டகை கோவையின் முதல் இந்திய ஆயரானபோது நனவாயிற்று.

மடத்தினுள் மறைசாட்சியரின் நினைவுக்கூடம் இருக்கிறது. கழுத்தில் பூட்டிய மரத்தளை, சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், இரத்தக்கறை படிந்த துணி ஆகியவற்றைக் கண்டு பேச்சற்று நின்றோம். அங்குள்ள பெரிய ஓவியம் ஒன்று எங்களை நகரவிடவில்லை. 1868 இல் ஷார்ல் தெ கூபெர்த்தேன் தீட்டியது. ஒலிம்பிக் போட்டிகளுக்குப் புத்துயிர் தந்தவரின் தந்தை இவர். கடல் கடக்கப்போகும் குருக்கள் நால்வர் பீடத்தின் முன் நிற்க, கூடியிருப்போர் மண்டியிட்டு அவர்தம் பாதங்களை முத்தமிட்டு விடைகொடுக்கும் காட்சி. 1864 இல் கொரியாவுக்குப் புறப்பட்ட அந்நால்வரும் 1866 மார்ச்சில் அங்கே கொல்லப்பட்டனர். 1984 இல் புனிதர் பட்டம் பெற்றனர்.

முன்னர்ச் சொல்லாது விட்ட காரியத்தை இனிச் சொல்ல வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் பணிபுரியும் துறவற சபையொன்றில் சேர விரும்புவதாக எங்கள் இளைய மகன் ஓராண்டாகக் கேட்டுவந்தான். வெற்றிலைக் கொடிக்காலைக் கவனிக்க அவனை விட்டால் ஆளில்லை; அவ்வளவு தொலைவுக்கு அனுப்ப மனமுமில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்தினோம். அவ்வோவியத்தின் முன் நின்றபோது, அந்த நால்வரின் பெற்றோரும் இப்படித்தானே தயங்கியிருப்பார்கள் என்று எண்ணினோம். படலையடியில் நின்ற அந்த இலங்கைத் தாயும் நினைவில் வந்தாள். அவளுக்கோ மறுக்க வழியிருக்கவில்லை, எங்களுக்கு இருந்தது. பிறர் பெற்ற பிள்ளைகள் கடல் கடந்து வந்ததால் நம் குடும்பத்துக்குக் கிடைத்த விசுவாசத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, நம் பிள்ளையை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வது எவ்வகை நியாயம்? அங்கேயிருந்த பலகையில் அமர்ந்து நெடுநேரம் மௌனமாயிருந்தோம்.

ஊர் திரும்பிய மறுவாரம் மகனையும் அழைத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குச் சென்றோம். செபமாலை அன்னையின் அவ்வாலயத்துக்கு முன்னரும் போயிருக்கிறோம்; ஆனால் யார் அங்கே ஆயராக அபிஷேகம் பெற்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாரிஸுக்குப் போய்த்தான் நம் ஊரை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது! அன்னையின் பீடத்தின் முன் அவனுடைய சம்மதக் கடிதத்தில் இருவரும் கையொப்பமிட்டோம். கண்ணீர் வரவில்லை என்றால் அது பொய். கொடிக்காலுக்கு வழி என்ன என்பதும் இன்னும் தெரியவில்லை.

பாரிஸுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்களே, கோபுரத்தைப் பாருங்கள், பேராலயத்தையும் பாருங்கள். அரை நாளை மட்டும் அந்த ஓடத்துறைத் தெருவுக்கென்று ஒதுக்கிவையுங்கள். அந்த வாய்ப்பு அமையாதவர்கள் உங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் தேடிப்பாருங்கள். அயல்நாட்டுப் பெயர் தாங்கிய கல்லறை ஒன்று அங்கிருந்தால், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அவரைப் பெற்றெடுத்து அனுப்பிவைத்த தாய்க்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.