விரலுக்கேற்ற வேகம்



கடந்த மாதம் என்னிடம் படித்த பழைய மாணவர் இருவர், ஒருவரையொருவர் அறியாமலேயே, ஒரே கேள்வியை என்னிடம் கேட்டனர். "சார், கையில இருபதாயிரம் வெள்ளி இருக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் எது வாங்கலாம்?" வகுப்பறையில் பதினோராம் வாய்பாட்டைக் கேட்டாலே வாய் திறவாத பிள்ளைகள் இன்று இவ்வளவு ஆர்வத்தோடு கேட்கும்போது மறுமொழி கூறாமல் இருக்க மனம் வரவில்லை. நானும் அந்த ஆசையோடு ஓராண்டுக் காலம் அலைந்தவன்தான். ஆகவே, நான் அறிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எதை வாங்கலாம்" என்பது இரண்டாவது கேள்வி. "வாங்கியபின் அதற்கு எப்படித் தீனி போடுவது" என்பதே முதற்கேள்வி. யானையை விலைக்கு வாங்குவது ஒருநாள் செலவு. கட்டித் தீனி போடுவது அன்றாடச் செலவு.

எனக்கு இந்த ஆசை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டில் சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் பயிற்சி மாணவனாக இருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். அக்காலத்தில்தான் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ சாலையில் ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டு கதவு, 1.8 லிட்டர் இயந்திரம், பின்புறத்தில் லோட்டஸ் பெயர் பொறித்த சிறு பட்டயம். 1996-ஆம் ஆண்டில் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியிருந்ததால், அந்த வண்டியின் சக்கரப் பிடிமானத்தையும் வளைவில் திரும்பும் தன்மையையும் லோட்டஸ் பொறியியலாளர்களே சீர்செய்து கொடுத்தனர். 2002-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கரம்ஜிட் சிங், புரோட்டோன் பெர்ட் வண்டியை ஓட்டி, உற்பத்தி வண்டிகளுக்கான உலக ரேலி வாகையராக வந்தபோது நான் பணியில் சேர்ந்துவிட்டேன். நம் நாட்டு ஓட்டுநரும் உலக மேடையில் வெல்வார் என்று அன்று என் மாணவர்களுக்கு ஒரு பாடவேளை முழுவதும் பேசியது நினைவிருக்கிறது.

பெயரிலும் எனக்கு ஓர் ஈர்ப்பு. வீரா, சத்ரியா, புத்ரா, பெர்டானா என்று புரோட்டோன் தன் வண்டிகளுக்குச் சூட்டிய பெயர்கள் யாவும் மலாய்மொழி வடமொழியிலிருந்து பெற்றுக்கொண்ட சொற்கள். சத்ரியா என்றால் போர்வீரன். தமிழாசிரியனுக்கு வண்டியின் முன்பக்கத்தைவிட அதன் பெயர்ச்சொல் முதலில் கண்ணில் படுவது இயல்புதானே!

சரி, விரைவு மகிழுந்து என்பது எது? மிகுந்த குதிரைத்திறன் உடையதுதான் விரைவு மகிழுந்து என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் அப்படி எண்ணவில்லை. வண்டியின் எடையைக் குறைத்தால் அது விரைந்து புறப்படும், விரைந்து நிற்கும், வளைவில் அடங்கித் திரும்பும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட கொள்கை. 1989-இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 அதற்கு நல்ல சான்று. சிறிய இயந்திரம், இரண்டே இருக்கை, ஏறத்தாழ ஒரு டன் எடை. அவ்வளவுதான். ஆயினும் 2016-ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது வண்டி உருவானது. குறைந்த பணம் உள்ளவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. எடை குறைந்த, கைவிசைமாற்றி கொண்ட சிறிய வண்டி ஒன்றிலேயே இந்த இன்பம் கிடைத்துவிடும்.

இனித் தீனிக் கணக்கைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் தனியார் மகிழுந்துகளுக்கான சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1.6 லிட்டர் வரை 90 ரிங்கிட்டுக்கு மேல் போகாது. சத்ரியா ஜிடிஐயின் 1,834 சிசிக்கு 297 ரிங்கிட். இரண்டு லிட்டருக்கு ஏறத்தாழ 380. மூன்று லிட்டரை எட்டினால் 2,130 ரிங்கிட்! ஜப்பானிலிருந்து வந்த பழைய மூன்று லிட்டர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்வோர் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காப்புறுதி. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இழப்பீடு கோராதவருக்கு 55 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆனால், அந்தத் தள்ளுபடி ஒரு வண்டிக்குத்தான். வீட்டு வண்டியை வைத்துக்கொண்டே இன்னொன்று வாங்கினால், அதற்குச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளுக்கு முழுக் காப்புறுதி எளிதில் கிடைப்பதில்லை. வங்கிக் கடனும் அப்படியே. ஆக, கையிருப்புப் பணமே கதி.

உதிரிப்பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் புதிய வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. வண்டி பழசாக ஆகச் செலவு கூடுவதால் பலர் அதைக் கழித்துவிடுகின்றனர். அவ்வாறு கழித்த வண்டிகளின் முன்பாதியை அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதையே நம் பட்டறைக்காரர்கள் 'ஹாஃப்-கட்' என்கிறார்கள். இயந்திரமும் கியர்பெட்டியும் அதில் முழுமையாகக் கிடைக்கும். கிள்ளான் பகுதியில் அத்தகைய கிடங்குகளைக் காணலாம். பழைய ஜப்பானிய வண்டிகள் இங்கே இன்னும் உயிரோடு ஓடுவதற்கு அவையும் ஒரு காரணம். போலிகள் பிறப்பதற்கும் அவையே காரணம். அந்தக் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் இருந்தது 22,000 ரிங்கிட். பள்ளிப் பயிற்சி நூல்கள் எழுதிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்தது. மகள் அவ்வாண்டு ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். என் துணைவியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "உங்க ஆசைக்கு நான் குறுக்கே நிக்கலங்க. ஆனா, இந்தப் பணம் முடிஞ்சா முடிஞ்சதுதான். பிள்ளை படிப்புக் கணக்குல ஒரு காசு எடுக்கக் கூடாது." நியாயமான பேச்சு. அன்றே தொகையை மூன்றாகப் பிரித்தேன். வாங்குவதற்கு 14,000, வாங்கியவுடன் பழுது பார்க்க 5,000, எஞ்சிய 3,000 பெயர் மாற்றத்துக்கும் காப்புறுதிக்கும் எதிர்பாராத செலவுக்கும். இந்தப் பிரிவினைதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஒருநாள் ரவாங் பக்கம் ஒருவர் சத்ரியா ஜிடிஐ விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். விலை 21,000. உண்மையான ஜிடிஐக்குச் சந்தையில் கேட்கும் விலையைவிட மிகக் குறைவு. என்னோடு வந்தவன் என் பழைய மாணவன். ஆறாம் ஆண்டில் பின்வரிசையில் அமர்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் மகிழுந்துப் படம் வரைந்துகொண்டே இருப்பான். இன்று காப்பார் சாலையோரப் பட்டறை ஒன்றில் தலைமைப் போர்மேன்.

வண்டி சிவப்பாகப் பளபளத்தது. லோட்டஸ் பட்டயம் இருந்தது. ரெக்காரோ இருக்கைகள் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் சுங்கைப் பட்டாணிச் சாலையோரம் நின்று பார்த்த அதே வண்டி! விற்பவர் சாவியை நீட்டினார். நான் கையை நீட்டுமுன் என் மாணவன் கீழே குந்தி, பின்சக்கரத்தின் இடைவெளி வழியே கைவிளக்கை அடித்துப் பார்த்தான்.

"சார், ஜிடிஐக்கு நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக்கு. இதுல பின்னால டிரம்மு. கிராண்ட கேளுங்க சார்."

பதிவு அட்டையை வாங்கிப் பார்த்தோம். 1.3 லிட்டர் என்று இருந்தது. முன்மூடியைத் திறந்தால் உள்ளே 1.8 லிட்டர் இயந்திரம். அட்டையில் உள்ள இயந்திர எண்ணும் பொருந்தவில்லை. "பேரு மாத்தும்போது பாத்துக்கலாம்" என்றார் விற்பவர். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் சோதனையில் அடிச்சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

திரும்பும் வழியில் மாணவன் சொன்னான்: "சார், அது ஜிடிஐ இல்ல. ஜிடிஐ சட்ட போட்ட காடி." சிரித்தோம். ஆனால், சிறிது தூரம் சென்றபின் இருவரும் பேசாமல் இருந்தோம். அந்த வண்டியை ஒருவர் வாங்கி, வழியில் விபத்து நேர்ந்தால், பதிவில் இல்லாத இயந்திரத்துக்குக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். கணக்கில் மதிப்பெண் எடுக்காத பிள்ளை அன்று எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கு அது.

அவனிடம் நான் கற்றவற்றைக் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

1. அடிச்சட்ட எண், இயந்திர எண் இரண்டையும் பதிவு அட்டையோடு ஒப்பிட வேண்டும். வங்கியின் உரிமைக் கோரல் நீக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

2. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்க வேண்டும். முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்படுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்நிறக் கசடு இருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும்.

3. இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதை நாம் கண்ணால் கண்டோம். வெளியே கழுவிவிடலாம். வாரின் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக்கறையையும் இருக்கைத் தண்டவாளத் துருவையும் மறைப்பது கடினம்.

4. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு உண்டு.

5. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். அது அறுந்தால் பல இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்டனோடு மோதி வளைந்துவிடும். அதன்பின் பேச்சே இல்லை.

மூன்று மாதம் கழித்து நான் வாங்கியது ஜிடிஐ அன்று, அதன் தம்பி. 2010-ஆம் ஆண்டுச் சத்ரியா நியோ, 1.6 லிட்டர், கைவிசைமாற்றி. ஏறத்தாழ 125 குதிரைத்திறன். 2011-இல் ஆசிய பசிபிக் ரேலி வாகையர் பட்டத்தை அலிஸ்டர் மெக்ரே வென்றது இவ்வகை வண்டியின் பந்தய வடிவத்தில்தான். விலை 14,000. டைமிங் பெல்ட், நீர் இறைப்பான், நான்கு அப்சோர்பர், நான்கு டயர், கிளட்ச், பிறகு புரோட்டோன் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த கதவுக் கண்ணாடி மோட்டார் எனப் பழுது பார்த்த வகையில் 4,700. காப்புறுதி, சாலை வரி, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ஆயிரத்தை ஒட்டியது. மீதம் 2,300 ரிங்கிட்டைத் தனிக்கணக்கில் வைத்தேன். அவ்வாண்டு இறுதியில் குளிர்நீர்த்தொட்டி கசிந்தபோது அந்தக் கணக்குதான் கைகொடுத்தது. பிள்ளையின் படிப்புப் பணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இருபத்தோராயிரத்துக்கும் அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கியிருந்தால், பழுது பார்க்க என்னிடம் ஆயிரம் ரிங்கிட்தான் எஞ்சியிருக்கும். அது உண்மையான ஜிடிஐயாகவே இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில், கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலை நோக்கிச் செல்லும் சாலையில் ஏறுவேன். சிலாங்கூர் அணைக்கட்டைத் தாண்டியதும் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அங்கே மணிக்கு அறுபது கிலோமீட்டரே போதும். எந்த வளைவுக்கு எந்தக் கியர், எங்கே பிரேக்கை விடுவது என்று கையும் காலும் மனமும் ஒன்றாக வேலை செய்யும். சில நாள்களில் மகளும் உடன் வருவாள். வண்டி கூட்டுகிற ஓசையைவிட அவள் பாடுகிற ஓசைதான் அதிகம்! நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டிப் பறந்து காட்டுவதற்காகவோ, நள்ளிரவில் சாலைச் சந்திப்பில் போட்டி போடுவதற்காகவோ இந்த வண்டியை வாங்க எண்ணும் தம்பிகள் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். வேகம் பார்க்க வேண்டுமென்றால் சிப்பாங் ஓட்டுகளம் இருக்கிறது. பொதுச்சாலையில் எதிரே வருவது யார் வீட்டுப் பிள்ளையோ?

என்னைக் கேட்ட இருவருக்கும் என் விடை இதுதான். இருபதாயிரம் இருந்தால் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் உள்ள வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். போகும்போது பட்டறை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், பதிவு அட்டையைப் பார்க்கும்வரை சாவியைக் கையில் வாங்காதீர்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது வேகத்துக்கும் பொருந்தும்.

உங்கள் பயணம் நலமாக அமைக.