நான்கு நிறமும் ஒரே சேதியும்

மீனம்பாக்கத்தை ஒட்டிய அந்தப் பயிற்சிக் கூடத்தில் விமானத்தை நினைவூட்டும் பொருள் எதுவும் இல்லை. ஒரு வெள்ளைப் பலகை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நான்கு மூலைகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல அட்டைகள். பைலட்டுகளும் கேபின் க்ரூவும் சேர்ந்து உட்காரும் சி.ஆர்.எம். வகுப்பு அது. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம். விமானம் ஓட்டத் தெரியுமா என்று இங்கே யாரும் சோதிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தெரிகிறதா, அவர் பேசினால் கேட்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நடத்தியவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற கேப்டன். இன்னொருவர் பல ஆண்டுகள் கேபின் க்ரூ தலைவியாகப் பறந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். பைலட்டுகள் ஒரு பக்கமும் கேபின் க்ரூ ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர், பாடத்தைத் தொடங்கவில்லை. "எல்லாரும் எழுந்திருங்க. பிறந்த மாச வரிசையில உக்காருங்க" என்றார். நரைத்த மீசைக் கேப்டன் ஒருவருக்குப் பக்கத்தில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத மதுரைப் பெண் வந்து சேர்ந்தார். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும் என்று மேடம் பிறகு என்னிடம் சொன்னார்.

மூலைகளில் இருந்த நிறங்கள் நான்கு சுபாவங்களைக் குறிப்பவை. சிவப்புக்காரர் முடிவை முதலில் கேட்பார். சுற்றி வளைத்தால் பொறுமை போய்விடும். நீலக்காரருக்கு விவரம் வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்று தெரியாமல் அசைய மாட்டார். மஞ்சள்காரர் கலகலப்பானவர், பேச்சு அவருக்குப் பிடிக்கும், குறுக்கே பேசினால் காதில் விழாது. பச்சைக்காரர் சாது, யார் மனமும் நோகக் கூடாது என்று எதையும் ஒத்திப்போடுவார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதிய நூலிலிருந்து கிளைத்த பாகுபாடு இது. வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் அவரேதான்.

பயிற்சி இதுதான்: பின்பக்கக் கழிவறையிலிருந்து புகை வருகிறது. கேப்டனுக்குச் சொல்ல வேண்டும். கேப்டன் எந்த நிறம் என்பது சீட்டில் இருக்கும். பேசும் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு காக்பிட் கதவு பூட்டியே இருக்கிறது. கேபின் க்ரூவுக்குக் கேப்டனின் முகம் தெரியாது. இன்டர்காமில் வரும் குரல் மட்டும்தான். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டுப் பழகிய நமக்கு அந்த நாற்காலிகளில் பாதி புலன் அடைத்துப்போகிறது.

மதுரைப் பெண்ணுக்குச் சிவப்புக் கேப்டன் வாய்த்தார். வகுப்பு மொழி ஆங்கிலம் என்றாலும் பதற்றத்தில் தமிழே வந்தது. "சார், பின்னாடி கொஞ்சம் புகை வர்ற மாதிரி இருக்கு சார்..."

"மாதிரின்னா என்னம்மா? வருதா, வரலையா?"

அந்தப் பெண் வாயடைத்துப் போனார். மேடம் குறுக்கிட்டு இன்னொரு முறை சொல்லவைத்தார். "கேப்டன், பின் கழிவறையில லேசா புகை. குப்பைத் தொட்டியில இருந்து வருது. எக்ஸ்டிங்விஷர் அடிச்சாச்சு, ஒருத்தங்க அங்கேயே நிக்கறாங்க." ஐந்தே நொடி. அதே சேதியை நீலக்காரருக்குச் சொல்லும்போது புகையின் நிறமும், கதவைப் புறங்கையால் தொட்டபோது சூடாக இருந்ததா என்பதும், பார்த்த நேரமும் சேர்ந்தன. மஞ்சள்காரரிடம் முதலில் "கேப்டன்" என்று அழுத்திக் கூப்பிட்டு, அவர் பேச்சு நின்ற பிறகே விஷயத்தைத் தொடங்கினார்கள். பச்சைக்காரர் "சரி, பாத்துக்கலாம்" என்று முடிக்கப் பார்த்தபோது, "இப்ப நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க கேப்டன்" என்று பதில் வரும்வரை விடவில்லை. பலகையில் மேடம் எழுதியது ஒரே வரி: எங்கே, என்ன, எவ்வளவு, என்ன செய்தோம். ஆளுக்கேற்ப முன்பின் மாறலாம். இந்த நான்கில் ஒன்றும் விடுபடக் கூடாது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள விமானத் துறை கொடுத்த விலை பெரிது. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃபே தீவில் மூடுபனிக்கு நடுவே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகத்தை ஃப்ளைட் இன்ஜினியர் கேள்வியாகக் கேட்டார். மூத்த கேப்டன், விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். கேட்டவர் அதோடு அடங்கினார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 28-இல் யுனைடெட் 173, சக்கரக் கோளாறைப் பார்த்தபடியே போர்ட்லாந்து மேலே சுற்றிச் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது உடன் இருந்தவர்களுக்குத் தெரியும். கேப்டனுக்கு உறைக்கும்படி அவர்கள் சொல்லவில்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கில் இந்தப் பயிற்சிக்கான கரு உருவானது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் முழு வகுப்பாக நடத்தத் தொடங்கியது.

கேபினும் இதில் விலக்கல்ல. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே போயிங் 737 ஒன்று விழுந்தது. பழுதானது இடது இன்ஜின். பைலட்டுகள் நிறுத்தியதோ வலதை. வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடது பக்கம் நெருப்பைக் கண்ட பயணிகளும் கேபின் ஊழியர்களும் இருந்தார்கள். யாரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. 47 உயிர்கள் போயின. மேடம் இதைச் சொன்னபோது மதுரைப் பெண் கேட்டார்: "கேப்டனே சொல்லிட்டாரே, நமக்குத்தான் தப்பாத் தெரியுதோன்னு தோணும்ல மேடம்?" தோன்றும். அந்தத் தோன்றலை எதிர்த்துத்தான் வகுப்பே நடக்கிறது.

இடைவேளையில் ஓய்வுபெற்ற கேப்டனிடம், நிறங்களை நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "நான் சிவப்பு, இப்படித்தான் பேசுவேன்னு சட்டையில குத்திக்கிற பேட்ஜா ஆயிடக் கூடாது. அது பெரிய ஆபத்து." அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஆரம்பகால வகுப்புகள் உளவியல் பாடமாகிவிட்டன என்று பைலட்டுகள் முகம் சுளித்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரிச் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சுபாவம் ஓரிரு நாள் வகுப்பில் மாறாது, மனப்பாங்கும் நடத்தையும் மாறும் என்ற பக்கம் நின்றார்கள். ஐரோப்பாவில் உருவான நோடெக்ஸ் முறை, பைலட் எப்படிப்பட்டவர் என்று கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியும்படி என்ன செய்தார் என்று மட்டுமே மதிப்பிடுகிறது.

இன்னொரு சிக்கலையும் அவர் சொன்னார். பணிப்பட்டியலான ரோஸ்டர் எழுதுகிறபடிதான் க்ரூ சேர்கிறது. இன்று சேர்ந்து பறக்கும் கேப்டனும் கோ-பைலட்டும் இதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார்கள். புறப்படுமுன் சில நிமிட ப்ரீஃபிங். அதற்குள் எதிரில் இருப்பவர் சிவப்பா பச்சையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தரையில், அவகாசம் இருக்கும்போது ஆளறிந்து பேசலாம். ஆயிரம் அடியில் அதற்கு இடமில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே சொல். அதற்கான படிக்கட்டுதான் பேஸ் (PACE) என்ற முறை: முதலில் கேள், பிறகு எச்சரி, அடுத்து நேராக எதிர்த்துச் சொல், கடைசியில் அவசரநிலை என்று கட்டுப்பாட்டை எடு.

மதியம் மங்களூரைப் பற்றிப் பேசினார்கள். அறை இறுகிவிட்டது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். உயரமாகவும் வேகமாகவும் வந்த இறக்கம் அது. இறங்காமல் மறுபடி மேலே ஏறும் கோ-அரவுண்ட் போகும்படி கோ-பைலட் மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. கருவியும் எச்சரித்தது. கேப்டன் இறக்கத்தைக் கைவிடவில்லை.

இங்கே இளையவர் மழுப்பவில்லை. சரியான சொல்லைச் சரியான நேரத்தில் சொன்னார். பேசக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று அதுவரை எனக்கு இருந்த எண்ணம் இந்த இடத்தில் நிற்கவில்லை. கேட்கும் காது இல்லாவிட்டால் எந்த நிறத்துக்கேற்பப் பேசினாலும் பயனில்லை.

பயிற்சியாளர்களும் கடைசிப் பாடத்தைக் கேப்டன்களுக்கே வைத்திருந்தார்கள். ப்ரீஃபிங்கை முடிக்கும் வாக்கியத்தை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். பலரும் எழுதியது, "ஏதாவது இருந்தா சொல்லுங்க." அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள். நரைத்த மீசைக் கேப்டன் நெடுநேரம் பேனாவை உருட்டிவிட்டுப் படித்தார்: "இறங்கும்போது சரியில்லைன்னு பட்டா 'கோ-அரவுண்ட்'னு சொல்லுங்க. சொன்னதும் பண்ணிடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன். காரணத்தைத் தரையில பேசிக்கலாம்." மதுரைப் பெண் முதலில் கைதட்டினார்.

இப்படிக் கேட்கும் கேப்டன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1989 ஜூலையில் எல்லா ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்த டி.சி.-10 விமானத்தை சியூ சிட்டியில் இறக்கி 184 பேரைப் பிழைக்கவைத்த கேப்டன் ஆல் ஹேன்ஸ், அதற்குக் காரணம் சி.ஆர்.எம். என்றே பிற்பாடு பேசிவந்தார். பயணியாக வந்த, பைலட்டுகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பைலட்டைக் காக்பிட்டுக்குள் அழைத்து த்ராட்டிலை அவர் கையில் விட்டவர் அவர். தனக்குத் தெரியாததை அடுத்தவர் அறிந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட தலைமை அது.

ஆளறிந்து பேசும் கலையை இளையவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பயந்தவருக்கு அது இன்னொரு பாரம்தான். விமான நிறுவனங்கள் இந்த வகுப்பை ஆண்டுச் சடங்காக முடித்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தக் கூடாது. ஒரு கேப்டனை மதிப்பிடும்போது, அவர் எப்படி இறக்கினார் என்பதோடு, கூடப் பறந்த இளையவர் தயங்காமல் பேச முடிந்ததா என்பதையும் அந்த இளையவரிடமே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.