காசு கொடுத்துப் பார்த்த கடல்

முதல் நாள் இரவு விளக்கை அணைத்ததும் நாலு வயது மகள் சொன்னாள்: "அப்பா, மெஷினை நிப்பாட்டுங்கோ."

ஸ்காபரோவில் அவளுடைய கட்டிலருகே ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. நெடுஞ்சாலை இரைச்சல் கேளாமல் பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று வாங்கியது. மழை, காற்று, கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். அவளுக்குப் பிடித்தது கடல். பொத்தானை அமத்தினால் நின்றுவிடும் ஒன்றைத்தான் அவள் இதுவரை கடல் என்று அறிந்திருந்தாள். "இது மெஷின் இல்லையம்மா" என்று யன்னலைக் காட்டினேன். கட்டடத்தைத் தாங்கி நிற்கும் உயரமான கால்களுக்குக் கீழே அத்திலாந்திக் பாறையில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இதை ஆர் நிப்பாட்டுறது?"

நித்திரை போலக் கிடந்த எட்டு வயதுத் தமையன் போர்வைக்குள் சிரித்தான்.

நாங்கள் தங்கியிருந்தது நியூபவுண்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், ஃபோகோ தீவில். ஜோ பட்ஸ் ஆர்ம் என்ற மீனவக் கிராமத்தின் ஓரத்தில் 2013இல் திறந்த 'ஃபோகோ ஐலண்ட் இன்' என்ற விடுதி. 29 அறைகளோடு திறந்தார்களாம். எங்கள் அறையில் நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி, கண்ணாடி நிறையக் கடல். ஓர் இரவுக்கான கட்டணத்தை எழுதக் கை கூசுகிறது. மூன்று இரவுக்குக் கொடுத்த காசில் நாலு பேரும் யாழ்ப்பாணம் போய்வந்திருக்கலாம். கலியாணமாகிப் பத்து வருசம், மனைவியின் நெடுநாள் ஆசை, இரண்டு வருசம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. இவைதான் என் சமாதானங்கள். ஊரில் அம்மாவிடம் அவை எடுபடவில்லை.

"கடலைப் பாக்கவோ? கடலைப் பாக்க ஆரும் காசு குடுப்பினமோ தம்பி?"

அம்மா கேட்டது நியாயம். எங்கள் ஊரான மயிலிட்டியில் நாங்கள் கடலைப் பார்த்ததில்லை. கடலுக்குப் போவார்கள், கடலால் வருவார்கள், கடல் எப்படிக் கிடக்குது என்று கேட்பார்கள். கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருப்பது வருத்தக்காரரின் வேலை. எங்கள் வீட்டில் கடலைப் பார்த்திருந்தது குசினிக் கோடிதான். மீன் கழுவின தண்ணீர் ஊற்றுகிற பக்கம்.

கான்டரில் விமானம் இறங்கி, காரோட்டி, படகுத்துறைக்குப் போனோம். துறையின் பெயர் ஃபேர்வெல். பிரியாவிடை! இப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள். நியூபவுண்லாந்தின் மணிக்கூடு ரொறன்ரோவுக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. அந்த அரை மணியால் ஒரு வசதி உண்டு. ரொறன்ரோவிலிருந்து ஊருக்குக் கோடைகாலத்தில் ஒன்பதரை மணித்தியாலம் கூட்டவேண்டும். இங்கே சரியாக எட்டு. ஊரோடு அரை மணிக் கணக்குத் தீர்ந்த இடம் எனக்குக் கனடாவில் இது ஒன்றுதான்.

வெளியாளை இங்கே 'கம் ஃப்ரம் அவே' என்பார்கள். எங்கள் 'வந்தான் வரத்தான்'தான். ஆனால் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பதில்லை.

சொகுசைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். விடியற்காலை கதவடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். சூடாகக் கோப்பி, சின்னப் பணியாரங்கள். பிள்ளைகள் அதை நத்தார்ப் பரிசு என்று முடிவுகட்டி ஐந்தரைக்கே எழும்பத் தொடங்கினார்கள். கட்டில் போர்வைகள் தீவுப் பெண்கள் கையால் தைத்தவை. அவற்றில் ஒரேஞ் ஜூஸ் சிந்திவிடுமோ என்ற பயத்தில் மனைவி முதல் நாள் முழுக்கக் காவல் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் எங்களையறியாமலே குரலைத் தணித்துக் கதைத்தோம். இப்படிப்பட்ட இடங்களில் எங்கள் ஆட்களுக்கு வருகிற ஒரு பணிவு அது. எனக்கு அது பிடிப்பதில்லை. மகளுக்கு அந்த வியாதி இல்லை. மீனின் நாக்கைப் பொரித்து வைத்திருக்கிறார்கள் என்று முழு மண்டபத்துக்கும் அறிவித்தாள்.

விடுதியைக் கட்டியவர் சீற்றா கொப். இந்தத் தீவில் பிறந்த மீனவரின் மகள். வெளியே போய்த் தொழில்நுட்பக் கம்பனியில் பெரிய பதவியிலிருந்து உழைத்து, திரும்பி வந்து, சகோதரர்களோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். விடுதியின் மிச்சம் ஊருக்கே போகிறது. சாப்பாட்டுப் பொதியில் சீனி, கொழுப்பு எவ்வளவு என்று போடுவதுபோல, வாங்கிய காசு கூலிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு போனது என்று காட்டும் ஒரு சீட்டையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். கணக்கு வேலை பார்க்கும் மனைவி கடலைவிட அதைத்தான் கூட ரசித்தாள். எங்கள் கோயில் உபயக் கணக்கை இப்படி ஒட்டினால் ஸ்காபரோ இரண்டுபட்டுவிடும் என்றாள்.

இரண்டாம் நாள் ஊர் காட்ட ஒரு பெரியவர் வந்தார். விடுதிக்கு வருகிறவர்களைத் தீவுக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு திரிவது அங்கே வழக்கம். கரையில் மரக்கால்களில் நிற்கும் செம்மண்நிறக் கொட்டிலைக் காட்டி, மீன் இறக்கி வெட்டுகிற இடம் என்றார். எங்கள் வாடி. கம்புகளால் அடித்த பரண்களில் பெண்கள் உப்பு மீனைக் காயப்போட்டதைச் சொன்னார். கருவாடு. கொட் மீனுக்குப் பொறிவலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டதைச் சொன்னபோது நானே முந்திக்கொண்டு கரைவலைப் பாடு பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இன்னாருக்கு இன்ன பாடு என்று கரையைப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்களும்.

ஒரு சொல்லில்தான் இருவரும் முட்டிக்கொண்டோம். அவர் அடிக்கடி 'ரீசெட்டில்மென்ட்' என்றார். எங்கள் பத்திரிகைத் தமிழில் அது மீள்குடியேற்றம். வருசக்கணக்கில் முகாமில் காத்திருந்து, பிறந்த காணிக்குத் திரும்பிப் போவது. அவர் வாயில் அது நேரெதிர். 1954 முதல் 1975 வரை, சிற்றூர்களுக்குப் பள்ளிக்கூடமும் மின்சாரமும் கொடுத்துக் கட்டாது, பெரிய ஊருக்கு வாருங்கள் என்று அரசாங்கம் காசு கொடுத்துச் சனத்தைக் கிளப்பியது. ஏறத்தாழ 300 ஊர்கள், சுமார் 30,000 பேர். சிலர் வீட்டையே கடலில் மிதக்கவிட்டு வள்ளங்களால் இழுத்துக்கொண்டு போனார்கள். அதைக் காட்டும் ஒரு படத்தை விட்டு மகன் அசையவில்லை. "இழுக்கேக்க வீட்டுக்குள்ள ஆக்கள் இருந்தவையா?"

ஃபோகோ மக்களுக்கும் அந்த நெருக்குதல் வந்தது. 1967இல் கனடிய தேசியத் திரைப்பட வாரியத்தின் கொலின் லோ இங்கே வந்து 27 குறும்படங்கள் எடுத்தார். ஓர் ஊரார் பேசியதை மற்ற ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு அமைச்சர்களுக்கும் காட்டினார்கள். மதம், ஊர் என்று பிரிந்து கிடந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவு வெறிச்சோடவில்லை.

1990 யூனில் மகனின் வயதில் நான் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டேன். 27 வருசத்துக்குப் பிறகு, 2017 யூலையில் இராணுவம் துறைமுகத்தை விட்டது. எங்கள் வீட்டை ஒருவரும் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து தரவில்லை. அம்மா போய்ப் பார்த்தபோது கிணறு மட்டும் இருந்தது.

பெரியவருக்கு இதைச் சொன்னேன். அவர் 1992 யூலை 2ஐச் சொன்னார். வடக்குக் கொட் பிடிக்கத் தடை போட்ட நாள். நூற்றாண்டுக் கணக்கில் செய்த தொழில் ஒரே நாளில் நின்றது. சுமார் 30,000 பேர் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். முதலில் இரண்டு வருசம் என்றார்கள். முடிந்தது 2024 யூனில், நாங்கள் போவதற்குச் சில வாரங்களுக்கு முன். வாசலில் கடல் கிடக்க இறங்கமுடியாமல் இருப்பது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். காரணங்கள் ஒன்றல்ல. அவர்கள் கடலைப் பெரிய கப்பல்களின் இழுவை வலைகள் துடைத்திருந்தன. எங்கள் கடலில் மீன் இருந்தது, கடற்படையும் இருந்தது. இப்போது அம்மா திட்டுவது இழுவைமடிப் படகுகளை.

இலங்கைத் தமிழர் என்று நான் சொன்ன உடனேயே அவர் "லைஃப்போட்" என்றிருந்தார். 1986 ஓகஸ்டில், தீவிலிருந்து வெகு தெற்கே செயின்ட் ஷொட்ஸ் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். அவர்கள் வந்தது ஜெர்மனியிலிருந்து என்று பிறகு தெரிந்தபோது நாடெங்கும் எழுந்த கூச்சலும் பெரியவருக்கு நினைவிருந்தது. "கடலில் மிதக்கிறவனிடம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டா ஏற்றுவது?" என்றார்.

அன்று சனிக்கிழமை. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் அந்தக் கோடையில் மீன்பிடிக்க விட்ட நாட்களில் ஒன்று. ஆளுக்கு 5 மீன், படகுக்கு 15. அவருடைய உறவினரின் வள்ளத்தில் மகன் கைத்தூண்டிலில் ஒரு கொட் பிடித்தான், பிறகு சத்தி எடுத்தான். கரைக்கு வந்ததும் நாக்கு வெட்டப் பெரியவர் அவனுக்குக் காட்டிக்கொடுத்தார். சின்ன வயதில் மீன் நாக்கு வெட்டி விற்றுத்தான் அவருக்குக் கைக்காசாம். வலை தட்டும்போது விழுகிற மீனைப் பொறுக்கி நாங்கள் ஐஸ்பழம் வாங்கியதை அவனுக்கு அப்போதுதான் முதல்முறை சொன்னேன்.

கடைசி நாள் காலை ஏழு மணி, ஊரில் பின்னேரம் மூன்று, அம்மாவை வட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் போனைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். அலை வெள்ளையாக எழும்பிப் பாறைமேல் சிதறியது. காசு கொடுத்தது இதற்குத்தான் என்று காட்ட நினைத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடல் பிழையாக் கிடக்குது. ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லையோ?" என்றார்.

"தெரியாதம்மா."

"காத்து வாடையோ, சோளகமோ?"

மூன்று நாளாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் இருந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே போய்ப் பெரியவரிடம் கேட்டேன். வடகிழக்கு என்றார். வாடை என்று அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன்.

"அப்ப இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ" என்று பதில் வந்தது.

அன்று ஃபேர்வெலுக்குப் படகு ஓடவில்லை.