காவி

என் ராத்தாவின் மகள் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் உயிரிரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் படிக்கிறாள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம். ஊரில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப டொக்டருக்குக் கிடைக்கல்லியா?" என்பதுதான். உயிரியல் படித்த பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போகாவிட்டால் அது மையித்து வீடு மாதிரி. ராத்தாவே ஒரு மாதம் வெளியில் இறங்கவில்லை.

உயர்தரம் வரை அவள் விஞ்ஞானம் படித்தது தமிழில். கலம், நிறமூர்த்தம், பரம்பரையலகு, நொதியம் என்று கரும்பலகையில் முதலில் எழுதிக் காட்டியவன் நான். வளாகத்தில் எல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் விரிவுரை முடிந்து அறைக்கு வந்து, சொல் சொல்லாகத் தமிழாக்கிப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டாளாம். தமிழில் படிப்பித்ததால் வந்த பாடு என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. விளங்கிய பொருளுக்கு இன்னொரு பெயர் தேடுவது, விளங்காததை மனனம் செய்வதை விடச் சின்னக் கஷ்டம்.

விடுமுறையில் வந்தால் ஆய்வுகூடக் கதைதான். டீ.என்.ஏ.யை 95 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டு, மீண்டும் 72 பாகைக்குக் கொண்டுவந்தால் நொதியம் புதிய இழையைக் கட்டும். அந்தச் சூட்டை எந்த நொதியம் தாங்கும் என்று கேட்டேன். அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பற்றீரியாவினுடையதாம். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 107 கோடி!

என் மூத்த மகனை அவளுக்கு எடுப்பதென்பது சிறு வயதிலேயே பேசியது. கடந்த விடுமுறையில் திகதி குறிக்க உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "மாமா, அதுக்கு முதல் மச்சானும் நானும் ரத்தம் சோதிப்பம். தலசீமியா இருக்கான்னு."

வீடு அமைதியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு சிறுவனுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேறு. அவனுடைய வாப்பாவும் உம்மாவும் மச்சானும் மச்சியும்தான்.

அவள் விளக்கினாள். 11ஆம் நிறமூர்த்தத்தில் ஈமோகுளோபினின் ஒரு சங்கிலிக்கான பரம்பரையலகு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலும் போதும். இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவர் சுகமாகவே இருப்பார், அவர் காவி. இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரும் ஒரே முதுசத்தைக் கொண்டுவரக்கூடும்.

முடிவு வந்தது. அவளுக்கு இல்லை, என் மகன் காவி. பிள்ளைகளுக்கு அந்தக் கடும் நோய் வராது, ஆனால் அவர்களும் காவியாகலாம் என்றாள். ராத்தாவுக்குக் காவி என்றால் பிக்குமாரின் உடைதான்.

"அப்ப இவன் வருத்தக்காரனாடி?"

"இல்ல உம்மா. காவி. மாமா இஸ்கூல்ல படிப்பிக்கிற சொல்லுதான்."

மகனுக்கு இருந்தால் அது என்னிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். மெண்டலின் பட்டாணிக்கு இருபது வருடமாகக் கட்டம் கீறிக் காட்டுபவன் நான். இருவரும் இரத்தம் கொடுத்தோம். என்னுடையதுதான்.

இனி இளைய மகளுக்கும் சோதிக்க வேண்டும். அவளுக்குப் பேசிவரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனைவி கேட்கிறாள். ஒளிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று நாட்களாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.