அட்டாலியில் இருந்த குரல்

மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி

பாட்டைக் கேட்டு மயங்காதவர் யார்? ஆனால், ஒரு பாட்டைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பின்னர் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டவள் நான். அந்தக் கதையையே நம் ஆண்டு மலரின் வாயிலாகத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் கொடுமுடிக்கு அருகிலுள்ள என் அம்முச்சியின் ஊருக்குச் சென்றிருந்தேன். ஓட்டு வீட்டைப் பழுது பார்ப்பதற்காக மாமா அட்டாலியைக் காலி செய்தார். பழைய அண்டா, முறம், உடைந்த தொட்டில் கம்பு ஆகியவற்றுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு கிராமபோனும் பதினோரு இசைத்தட்டுகளும்! அம்முச்சியின் தகப்பனார், மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த ஓர் ஆண்டில் ஈரோட்டிலிருந்து வாங்கி வந்தவையாம்.

மாமா தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சாவியைச் சுற்றினார். சிறிய டப்பாவிலிருந்து ஊசியை எடுத்துப் பொருத்தினார். முதலில் அடுப்பில் கடுகு பொரிவது போன்ற சத்தம். பிறகு விண்ணென்று உச்சத்தில் எழுந்தது ஒரு பெண் குரல். "இது பாட்டா, ரயில் விசிலா?" என்றேன் நான். மாமா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். நானும் சிரித்தேன்.

அம்முச்சி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்து முந்தானையால் துடைத்து, காகித உறையில் போட்டுப் பெட்டியை மூடினார். அன்றிரவு படுக்கும்போது மட்டும், "உனக்குப் புடிக்கலீன்னா உடு அம்மணி. ஆனா அது எங்கூருப் பொண்ணு கண்ணு" என்றார். எனக்கு வெகு நேரம் உறக்கம் வரவில்லை.

யார் அந்த ஊர்ப் பெண்? பள்ளி திறந்ததும் எங்கள் இசை ஆசிரியையிடம் கேட்டேன். "கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாளைத் தெரியாதா?" என்று வியந்தவர், நான் படிக்க வேண்டிய நூல்களையும் எடுத்துத் தந்தார்.

1908-ல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு பெற்றதுண்டு என்று சொல்வார்கள். நான் "ரயில் விசில்" என்று கேலி செய்தது நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறிய அவர், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்தார். 1927-ல் இருவரும் மணந்தனர். ஆனால், 1933-ல் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் இறுதிவரை மாற்றவில்லை. ஆயினும் பாட்டை அவர் விடவில்லை. 1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். அதற்கு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் நாடே வியந்த செய்தி! 1951-ல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1953-ல் ‘ஔவையார்’ ஆக நடித்துத் தமிழர் மனத்தில் ஔவையின் உருவமாகவே நிலைத்துவிட்டார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1980-ல் மறைந்தார்.

அவர் குரல் ஏன் அவ்வளவு உச்சத்தில் ஒலிக்கிறது? அக்கால நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். நான் கேலி செய்த உச்சக் குரல், காலணா கொடுத்து வந்த ஏழையும் கேட்கட்டும் என்று எழுந்த குரல்!

தட்டைப் பற்றியும் அறிந்துகொண்டேன். அது நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே பாட முடியும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியவர்கள், இதற்காகப் பாட்டைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தட்டுச் செய்யும் கலவையில் முக்கியமான பொருள் அரக்கு. அதனால்தான் கை தவறினால் வளையல் போல் உடைந்துவிடும். 1902-ல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தவர்களுள் ஒருவரான கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்வாராம். தட்டு அச்சாவது ஜெர்மனியில். பாடியவர் இன்னார் என்று அங்குள்ளவர்க்குத் தெரிய வேண்டுமே! தாராபுரத்தில் பிறந்த ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன், நாடகங்களும் இசைத்தட்டுகளும் விடுதலை உணர்வைப் பரப்பிய விதத்தை 1981-ல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். 1950-களில் இங்கிலாந்தில் ‘ஸ்கிஃபில்’ என்ற இசை பரவியதாம். வாத்தியம் வாங்க வசதியற்ற இளைஞர்கள், துணி துவைக்கும் நெளிப்பலகையைத் தேய்த்துத் தாளமிட்டார்கள். தேயிலைப் பெட்டியில் கோலும் கயிறும் கட்டி மீட்டினார்கள். லானி டானிகன் 1954-ல் பதிவு செய்த ஒரு ரயில் பாட்டு அவர்களுக்கெல்லாம் வழிகாட்டியது. புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் 1956-ல் இப்படித்தான் தொடங்கினார். அந்த ரயில் பாட்டோ, 1934-ல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா சிறைக் கைதிகள் பாட, ஜான் லோமாக்ஸ் என்பவர் பதிவு செய்தது. "தட்டைத் தேடுவதோடு நிற்காதே; அதன் பின்னால் இருந்த மனிதரையும் தேடு" என்றார் ஆசிரியை. கிட்டப்பாவின் பாட்டைப் போற்றுகிறோம். அவருக்கு ஆர்மோனியம் வாசித்த தமையன் காசி ஐயரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

காலாண்டு விடுமுறை வந்ததும் ஊருக்கு ஓடினேன். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு அம்முச்சி. இன்னொரு தடவை போடலாமுங்களா?" என்றேன். அம்முச்சி என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தாமே சாவியைச் சுற்றினார்.

பாட்டுத் தொடங்கியது. மெல்ல, வெகு மெல்ல, இன்னொரு குரல் அதனுடன் சேர்ந்தது. எண்பது வயது அம்முச்சி பாடிக்கொண்டிருந்தார்! ஒரு சொல் தவறவில்லை. அவர் பாடி என் அம்மாவும் அதற்கு முன் கேட்டதில்லையாம்.

"பன்னண்டு வயசுல இந்தத் தட்டுக கூடவே பாடிப் பாடிப் பழகினேன். நாடகக்காரியாட்டம் என்ன பாட்டுன்னு பெரியவங்க வைவாங்க. கலியாணத்தோட பொட்டி மேல ஏறிருச்சு. நானும் உட்டுட்டேன்" என்றார். அவர் குரலில் குறையே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அட்டாலியில் கிடந்தது சுந்தராம்பாளின் குரல் மட்டுமா?

மறுநாள் அம்முச்சியைப் பாடச் சொல்லி அம்மாவின் அலைபேசியில் பதிவு செய்தேன். மாமாவின் கடைசி மகன் தகரப் பெட்டியில் தாளம் போட்டான். பின்னர் ஒரு தாளில் தேதியையும் ஊரையும் எழுதி, ‘பாடியவர்’ என்ற இடத்தில் அம்முச்சியின் முழுப் பெயரையும், ‘தாளம்’ என்ற இடத்தில் அவன் பெயரையும் எழுதினேன். அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்த பிறகு, பெட்டியை யாரும் அட்டாலியில் ஏற்றவில்லை. இப்போது அது முன்வாசலில், அம்முச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். பாடாமல் நிறுத்திய ஒரு பாட்டி இருக்கலாம். கேளுங்கள். கேட்குமுன் சிரித்துவிடாதீர்கள்.